உள்ளே வைத்த வலை எதுவென்று நோயாளிக்கு எழுதிக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு உங்கள் மருத்துவப் பக்கத்தில் குடலிறக்கம் பற்றி வந்த கட்டுரையை வாசித்தேன். குடலிறக்கத்தைச் சரிசெய்யும்போது பலத்துக்கு உள்ளே வைக்கும் பழைய பிளாஸ்டிக் வலைக்குப் பதிலாக உடம்புக்குள்ளேயே கரைந்துபோகும் புதிய வலை வந்துவிட்டது, இனிக் கவலையில்லை என்று முடித்திருந்தார்கள். அன்றிலிருந்து எங்கள் தெருவில் என்னைக் காண்கிறவர்கள் எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள். நான் கொழும்பில் சத்திரசிகிச்சைக் கூடத்தில் தாதியாக இருந்து ஓய்வுபெற்றவள். டொக்டர் அல்ல. ஆனாலும் அந்த வலைப் பெட்டிகளைப் பிரித்துக் கொடுத்த கை என்னுடையது. அந்த உரிமையில் இதை எழுதுகிறேன்.

வயிற்றுச் சுவரில் பலம் குறைந்த இடத்தால் உள்ளே இருப்பது வெளியே தள்ளுவதுதான் குடலிறக்கம். முன்பு கிழிந்த ஓரங்களை இழுத்துத் தைத்தார்கள். இழுத்துத் தைத்த இடம் மறுபடியும் விட்டது. 1950களின் கடைசியில் அமெரிக்காவின் டெக்சாஸில் பிரான்சிஸ் அஷர் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் பிளாஸ்டிக் இழையில் பின்னிய வலையை வைக்கத் தொடங்கினார். 1980களில் லொஸ் ஏஞ்சலிஸில் லிக்டென்ஸ்டைன் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், அரைப்பகுதிக் (தொடையிடுக்கில் வரும்) குடலிறக்கத்துக்கு, இழுக்காமல் வலையை வைத்துத் தைக்கும் முறையைப் பரப்பினார். நெதர்லாந்தில் பழைய ஒபரேசன் வெட்டில் வந்த குடலிறக்க நோயாளிகளைப் பத்து வருடம் வரை தொடர்ந்து பார்த்தார்கள். வெறும் தையல் போட்டவர்களில் 63 வீதமானோருக்குத் திரும்ப வந்திருந்தது. வலை வைத்தவர்களில் 32 வீதம். ஆகவே 'பிளாஸ்டிக்' என்று கேட்டதும் யாரும் பயப்பட வேண்டாம்.

வெளிநாட்டு வழக்குகளை யூடியூப்பில் பார்த்துவிட்டுப் பயப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2019இல் விற்பனையை நிறுத்தச் சொன்னது, பெண்களின் உறுப்பு இறக்கத்துக்கு யோனி வழியாக வைக்கும் வலையை. வயிற்றுச் சுவரில் வைக்கும் வலைக்கு அந்தத் தடை இல்லை.

சரி, அப்படியென்றால் கரையும் வலை எதற்கு? கிருமி பட்ட காயத்தை நினைத்துப் பாருங்கள். குடலை வெட்டிப் பொருத்திய ஒபரேசன், வயிற்றில் வைத்த மலப்பையை மூடும் ஒபரேசன், முன்பு சீழ் பிடித்த வயிறு. அப்படியான இடத்தில் நிரந்தர வலையில் கிருமி ஏறிவிட்டால் அதை விரட்டுவது பெரும்பாடு. சில வேளை வலையையே வெட்டி எடுக்க வேண்டி வரும். அந்த நோயாளிகளின் கட்டு மாற்றியவர்களுக்கு அந்த வாடை மறக்காது. கொஞ்சக் காலம் தாங்கிவிட்டுப் பிறகு போய்விடும் வலை இருந்தால் நல்லது என்று யோசித்தது இதனால்தான். கட்டடம் எழும்பும்வரை நிற்கும் சாரக்கட்டு மாதிரி, அதன் கண்களுக்குள் நம்முடைய சொந்தத் தசைநார் வளர்ந்து இடத்தைப் பிடிக்க வேண்டும்.

இதில் எல்லாமே நேரக் கணக்கு. வெட்டிய தசையுறை ஆறுகிழமையில்கூடத் தன் பழைய பலத்தில் ஏறக்குறையப் பாதியைத்தான் பிடிக்கும். எவ்வளவு காலம் போனாலும் முழுப் பலம் வராது, 80 வீதமளவில் நின்றுவிடும். தையல் நூல் செய்கிற அதே பொலிக்ளாக்டினில் செய்த பழைய கரையும் வலை இரண்டு மூன்று மாதத்தில் போய்விடும். அது போன கையோடு குடலிறக்கமும் திரும்பி வந்தது. புதிதாக வந்தவை கூடுதல் நாள் நிற்பவை. 'பயோ-ஏ' என்பது ஆறு ஏழு மாதம். பக்டீரியாவை நொதிக்க வைத்து எடுக்கும் பொலி-4-ஹைட்ரொக்சிபியூட்டிரேட் என்ற பொருளில் செய்த 'ஃபேசிக்ஸ்' பன்னிரண்டு முதல் பதினெட்டு மாதம். சுவீடனில் செய்யும் 'டைகர்' வலையில் இரண்டு வகை இழை இருக்கிறது. ஒன்று நாலு மாதத்தில் கரையும், மற்றது மூன்று வருடமளவு நிற்கும். 'கரையும் வலை' என்று ஒரே பெயரில் சொல்கிற பொருட்களுக்கு இடையில் இத்தனை வித்தியாசம்.

பலனும் கலப்பானதுதான். கிருமி பட்ட வயிற்றுக் குடலிறக்கத்தில் பயோ-ஏ வைத்த 104 பேரைப் பார்த்தபோது, இரண்டு வருடத்தில் 17 வீதமானோருக்குத் திரும்ப வந்திருந்தது. அப்படியான கஷ்டமான வயிறுகளுக்கு அது மோசமில்லை. ஆனால் சுத்தமான, முதல்முறை வந்த அரைப்பகுதிக் குடலிறக்கத்துக்கு இன்றும் வழக்கமாக வைப்பது சாதாரண பொலிப்ரொப்பிலின் பிளாஸ்டிக் வலைதான்.

புறக்கோட்டையில் மூட்டை தூக்கும் நாட்டாமை ஒருவர் என்னிடம் வந்தார். அரைப்பகுதிக் குடலிறக்கம், முதல்முறை, சீனி வருத்தமும் இல்லை. யாரோ அவருக்குக் கரையும் வலைதான் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். மனைவியின் தோட்டை அடகு வைக்கப் புறப்பட்டுவிட்டார். உகண்டாவில் நடந்த ஆய்வை அவருக்குச் சொன்னேன். கிருமி நீக்கிய நுளம்பு வலைத் துணியையும் கம்பனி வலையையும் 302 ஆண்களுக்கு வைத்துப் பார்த்தார்கள். ஒன்று ஒரு டொலரளவு, மற்றது 125 டொலர். ஒரு வருடத்துக்குப் பிறகு இரண்டுக்கும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. (வீட்டு நுளம்பு வலையை யாரும் தூக்கிக்கொண்டு போகவேண்டாம், அது அதற்கென்றே தேர்ந்து, கிருமி நீக்கிய துணி.) தோட்டை வீட்டில் வைத்துவிட்டு கிளினிக்கில் டொக்டரிடம் நேரே கேளுங்கள் என்று அனுப்பினேன். 2022 பொருளாதார நெருக்கடியில் வெளிப் பார்மசியில் சாமான் வாங்கி வரச் சொன்ன நாட்களைப் பார்த்த சனத்துக்கு, துண்டில் என்ன எழுதியிருந்தாலும் கடன் பட்டு வாங்குகிற பழக்கம் வந்துவிட்டது. விலை கூடினால் தரமும் கூடும் என்று நம்பி ஏமாற வேண்டாம். விலங்குத் தோலில் செய்த வலையையும் சாதாரண பிளாஸ்டிக் வலையையும் கிருமி பட்ட வயிறுகளில் ஒப்பிட்டு 2022இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது. பார்த்தது 253 பேரை. இரண்டு வருடத்தில் விலங்கு வலையில் 20.5 வீதமானோருக்குத் திரும்ப வந்தது, பிளாஸ்டிக்கில் 5.6 வீதம். முதலாவதின் நடு விலை 21,539 டொலர், இரண்டாவதின் விலை 105 டொலர்.

விலங்குத் தோல் என்றதும் இன்னொன்று சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டு முஸ்லிம் தாயொருவர், "பிள்ளை, அது பன்றித் தோலா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. சில வலைகள் பன்றித் தோலிலிருந்தும், சில மாட்டுத் தோலிலிருந்தும் செய்யப்படுகின்றன. செயற்கையாகச் செய்த கரையும் வலைகள் வேறு சாதி. ஃபேசிக்ஸ், பயோ-ஏ, டைகர் மூன்றின் இழையும் ஆலையில் செய்த பொலிமர். முஸ்லிம்களும் சைவர்களும் கத்தோலிக்கர்களும் ஒரே வாட்டில் படுத்திருக்கிற கொழும்பில், கையொப்பம் வாங்குவதற்கு முன் இதைச் சொல்லிவிடுவது மரியாதை. கேட்டால்தான் சொல்வோம் என்று இருக்கக்கூடாது.

இனி நான் எழுத வந்த விடயம். வலைப் பெட்டிக்குள் இரண்டு உறை இருக்கும். வெளி உறையை நாங்கள் பிரித்துப் பிடிப்போம். உள் உறையைக் கிருமி நீக்கிய கையுறை போட்டவர் இழுத்து எடுப்பார். பெட்டியோடு சின்னச் சின்ன ஒட்டுத்தாள்கள் வரும். தயாரிப்பாளர் பெயர், வலையின் பெயர், சென்ரிமீற்றரில் அளவு, தொகுதி எண், காலாவதித் திகதி எல்லாம் அதில் அச்சாகியிருக்கும். ஒன்றை உரித்து பெட் ஹெட் டிக்கட்டில் (வாட்டில் வைத்திருக்கும் நோயாளியின் பதிவில்) ஒட்டுவார்கள். மீதி பெட்டியோடு குப்பைக் கூடைக்குப் போய்விடும். டிக்கட் ஆஸ்பத்திரிப் பதிவறையில் தங்கிவிடும். நோயாளி வீட்டுக்குக் கொண்டுபோகிற டயக்னோசிஸ் கார்ட்டில் 'மெஷ் ரிப்பேர்' (வலை வைத்துத் திருத்தியது) என்று ஆங்கிலத்தில் இரண்டு சொல்தான் இருக்கும்.

நாலு வருடம் கழித்து அதே வயிறு மறுபடியும் வீங்கி, வேறு ஆஸ்பத்திரிக்குப் போனால்? உள்ளே இருப்பது நிரந்தர வலையா, கரைந்து முடிந்ததா, எந்த அடுக்கில் வைத்தது என்று புதிய டொக்டர் ஊகிக்க வேண்டும். சி.டி. படத்தில்கூடப் பல வலைகள் தெளிவாகத் தெரியாது. இதைவிடப் பெரிய விடயமும் உண்டு. 2016இல் எதிகோன் நிறுவனம் 'பிசியோமெஷ்' என்ற வலையை உலகச் சந்தையிலிருந்து விலக்கிக்கொண்டது. ஜேர்மனியிலும் டென்மார்க்கிலும் யாருக்கு எந்த வலை வைத்தது என்று பதிவேடு வைத்திருந்தார்கள். குடலிறக்கம் திரும்ப வருவது அந்த வலையில் அதிகம் என்று அந்தப் பதிவேடுகள்தான் காட்டின. நாளைக்கு அப்படியொரு அறிவித்தல் இங்கே வந்தால், முகத்துவாரத்தில் இருக்கிற ஒரு தாய் அது தன் வயிற்றில் இருக்கிற வலையா என்று எதைப் பார்த்துச் சொல்வார்? பதினெட்டு மாதம் அசையாமல் தாங்க வேண்டிய பொருள் உள்ளே இருக்கிறதா என்று தெரியாமல், ஒரு மாதத்தில் மறுபடியும் மூட்டை தூக்கப் போகிறவருக்கு யார் சொல்வது?

சுகாதார அமைச்சிடமும் தனியார் ஆஸ்பத்திரிகளிடமும் நான் கேட்பது புது இயந்திரமும் இல்லை, புதுப் பணமும் இல்லை. குப்பைக்குப் போகிற அந்த ஒட்டுத்தாள்களில் ஒன்றை உரித்து டயக்னோசிஸ் கார்ட்டின் பின்பக்கத்தில் ஒட்டுங்கள். அதற்குக் கீழே, நிரந்தர வலையா, கரையும் வலையா, கரைவதென்றால் எத்தனை மாதம், விலங்கிலிருந்து எடுத்ததா என்று தமிழிலோ சிங்களத்திலோ ஒரு வரி எழுதுங்கள். தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. அந்த ஒரு வரியைத் தமிழில் எதிர்பார்ப்பது பேராசை அல்ல. வெளியே வாங்கச் சொல்லிக் கொடுக்கும் துண்டிலும் 'மெஷ்' என்று மட்டும் எழுதாமல் பொருளின் பெயரையும் அளவையும் எழுதுங்கள். தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையில் பதிவான வலைதானா என்று வீட்டுக்காரர் விசாரிப்பதற்கும் அது உதவும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதி உத்தியோகத்தர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.