ஏற்காட்டில் குடியிருப்பவர்களுக்கு: கோடைக்கு மட்டும் ஒரு பக் நாய்க்கு இடம் வேண்டும்

ஏற்காடு டவுனிலும் நாகலூர், கொட்டச்சேடு, வாழவந்தி பக்கங்களிலும் குடியிருக்கும் அன்பர்களுக்கு,

வணக்கம். நான் சேலம் சூரமங்கலத்தில் இருக்கிறேன். யாரோ ஆசைப்பட்டு வாங்கி, பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்ட, சப்பை மூக்குள்ள பக் நாய்களை எடுத்துவந்து, உடம்பைத் தேற்றி, நல்ல வீடு அமையும்வரை வைத்துப் பார்த்துக்கொள்கிறோம். பெரிய அமைப்பு எல்லாம் இல்லை. நான், ஃபேர்லேண்ட்ஸில் என் தங்கை, அம்மாப்பேட்டையில் தறி ஓட்டும் ஒரு குடும்பம், அஸ்தம்பட்டியில் ரிட்டயர் ஆன ஒரு டீச்சர் அம்மா. நாலே வீடு. இன்றைக்கு எங்கள் கையில் ஏழு பக்குகள் இருக்கின்றன. மார்ச் நடுவிலிருந்து ஜூன் நடுவரை, அந்த மூன்று மாதத்துக்கு மட்டும், இதில் ஒன்றை உங்கள் வீட்டில் வைத்துக்கொள்வீர்களா என்று கேட்கத்தான் இந்த மடல்.

தத்து எடுக்கச் சொல்லவில்லை. வெயில் தணிந்ததும் நாங்களே வந்து கூட்டிப்போவோம்.

ஏன் கேட்கிறோம் என்று புரிய, போன மே மாதத்தில் ஒரு சாயங்காலத்தைச் சொல்ல வேண்டும். அக்னி நட்சத்திரம் நடந்துகொண்டிருந்தது. பகலில் வெயில் 40 டிகிரியைத் தாண்டியிருந்தது. ஆறரை மணிக்குக் கரண்ட் போனது. ராசாத்தி என்று நாங்கள் கூப்பிடும் பெட்டை நாய், மொசைக் தரையில் வயிற்றை ஒட்டவைத்து நாலு காலையும் பரப்பிப் படுத்திருந்தாள். பக் வைத்திருப்பவர்களுக்கு அதன் குறட்டை பழகிப்போன சத்தம், அதனால் நான் முதலில் கவனிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்தச் சத்தம் மாறி, ரம்பம் இழுக்கிற மாதிரி ஆனது. டார்ச் அடித்துப் பார்த்தால் வாயோரம் கெட்டியான நுரை. நாக்கு, நாவல்பழம் தின்ற பிள்ளையின் நாக்கு மாதிரிக் கறுத்திருந்தது.

அள்ளிக்கொண்டுபோய்க் குளியலறையில் வைத்து, வயிறு, அக்குள், உள்ளங்கால் எல்லாம் குழாய்த் தண்ணீரை மொண்டு ஊற்றினோம். ஐஸ் தண்ணீர் கூடாது என்பதும், ஈரத் துண்டைப் போர்த்தினால் சூடு உள்ளேயே நின்றுவிடும் என்பதும் அதற்கு முன்பே தெரிந்திருந்தது அவளுடைய நல்ல நேரம். தங்கை காலண்டர் அட்டையால் விசிறிக்கொண்டே வர, நனைந்த நாயோடு ஆட்டோ பிடித்தோம். டாக்டர் பார்த்தபோது உடம்புச் சூடு 106 டிகிரி ஃபாரன்ஹீட். நாய்க்கு 101-லிருந்து 102.5 வரைதான் சாதாரணம். ஆக்சிஜன் வைத்து, டிரிப்ஸ் ஏற்றி, ராத்திரி பதினொன்றரைக்கு அவள் தலையைத் தூக்கித் தண்ணீரை நக்கினாள்.

அதே வாரத்தில் அம்மாப்பேட்டை வீட்டில் இருந்த குண்டன் பிழைக்கவில்லை. மத்தியானம் இரண்டு மணி. தகர ஷெட்டை ஒட்டிய அறை. ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அந்த வீட்டு அம்மா இன்றைக்கும் அவன் தண்ணீர் கிண்ணத்தை எடுக்காமல் வைத்திருக்கிறார்.

நம்மைப் போல நாய்க்கு உடம்பெல்லாம் வியர்க்காது. உள்ளங்காலில் கொஞ்சம் கசியும், அவ்வளவுதான். மற்றபடி மூச்சிரைத்து, மூக்கிலும் நாக்கிலும் உள்ள ஈரத்தில் காற்றை ஓட்டித்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். நாட்டு நாய்க்கு நீளமான மூக்கு, அதற்குள் ஈரமான பரப்பு நிறைய. பக்குக்கு அந்த மூக்கே இல்லை. நாசித் துவாரம் பலதுக்குக் கீறல் போலத்தான் இருக்கும். உள்நாக்குப் பக்கத்து மெல்லண்ணம் அந்தச் சின்ன வாய்க்கு நீளம் அதிகமாகி மூச்சுக்குழாய் வாயிலில் தொங்கும். ஆகவே இரைக்க இரைக்க அது காற்றுக்குப் போராடுகிறது. அந்தப் போராட்டமே இன்னும் சூட்டைக் கிளப்புகிறது, தொண்டை வீங்குகிறது, வழி இன்னும் குறுகுகிறது. ஃபேன் போட்டால் நமக்கு வியர்வை காய்ந்து சுகமாக இருக்கிறது. வியர்க்காத உடம்புக்கு ஃபேன் சுடுகாற்றைத்தான் தள்ளும். ஏசி போடலாமே என்பீர்கள். எங்கள் நாலு வீட்டில் ஒன்றில்தான் இருக்கிறது, ஏழு நாயையும் அங்கே அடைக்க முடியாது.

சரி, மலைக்கு வருகிறேன். ராசாத்தி பிழைத்ததும், நாகலூர் பக்கம் இருக்கும் ஒரு அக்கா, என் தங்கையின் தோழிக்குச் சொந்தம், அவளை மூன்று வாரம் வைத்துக்கொள்ளச் சம்மதித்தார். விடியற்காலை நாலரைக்கு வெறும் வயிற்றோடு அவளை ஏற்றி, இருபது கொண்டை ஊசி வளைவிலும் நிதானமாக ஓட்டிப் போனோம். பாதி வளைவு தாண்டியதும் அவள் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்து மூச்சை இழுத்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. சத்தமே வராத மூச்சு. ஐந்தாம் நாள் அந்த அக்கா போன் செய்தார். “கண்ணு, மணி ஒண்ணாகுது, உங்க ராசாத்தி கோழியைத் துரத்திக்கிட்டு ஓடுறா” என்றார். சேலத்தில் மே மாதம் மத்தியானம் ஒரு மணிக்கு அவள் எழுந்து நின்றுகூட நான் பார்த்ததில்லை. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரமும் சில்வர் ஓக் நிழலும் செய்த வேலை அது. நீங்கள் தினமும் மூச்சு விடும் அதே காற்று.

வைத்துக்கொள்வது சுலபம் என்று சொல்லிவிட்டு நாயை உங்கள் கையில் கொடுத்துவிட்டுப் போக எனக்கு மனசு வராது. வேலை உண்டு. முகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மூக்குக்கு மேலே உள்ள மடிப்பை விரலால் விரித்தால் உள்ளே ஈரமும் அழுக்கும் சேர்ந்து, இரண்டு நாள் விட்டால் புளித்த மாவு வாடை வரும், நாலு நாளில் புண்ணாகும். தினம் ஒரு தடவை வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்துப் பிழிந்து ஓரத்திலிருந்து நடுவுக்குத் துடைத்து, காய்ந்த பஞ்சால் ஈரத்தை ஒற்றி எடுக்க வேண்டும். ஒற்றி எடுப்பதுதான் முக்கியம், ஈரத்தோடு விட்டால் துடைக்காமல் இருப்பதே மேல். முதல் இரண்டு நாள் தலையைத் திருப்பும். மூன்றாம் நாள் பஞ்சைப் பார்த்ததும் தானே வந்து மோவாயை உங்கள் முழங்காலில் வைக்கும். அந்த நிமிஷத்துக்காகவே நான் இதைச் செய்கிறேன் என்றுகூடச் சொல்லலாம்.

அப்புறம் கண். பக்கின் கண் பிதுங்கி வெளியே நிற்பதால் எது பட்டாலும் முதலில் அதில்தான் படும். மலையில் வேலியோரமெல்லாம் உண்ணிச்செடி. அதன் முள் கருவிழியில் கீறினால் ஒரே நாளில் புண் ஆழமாகிவிடும். கண்ணைச் சுருக்குகிறது, நீர் வடிகிறது, நீலமாக மங்கலாகத் தெரிகிறது என்றால் மறுநாள் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது, எந்நேரமானாலும் எங்களைக் கூப்பிடுங்கள், வந்துவிடுகிறோம். முத்து என்ற பக்குக்கு இடது கண் இல்லாமல் போனது இப்படித்தான். ஆறு நாள் தாமதித்துவிட்டு, செலவு அதிகமாகும் என்று தெரிந்ததும் ஜங்ஷன் அருகே ஒரு டீக்கடை வாசலில் கட்டிப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

கழுத்துப் பட்டை வேண்டாம், மூச்சுக்குழாயை அழுத்தும். மார்பில் மாட்டும் ஹார்னஸ் நாங்கள் தருகிறோம். பிஸ்கட், பரோட்டா, கேட்கிற கண்ணைப் பார்த்துக் கொடுக்கிற துண்டு துக்கடா எல்லாம் வேண்டாம். எட்டு கிலோவுக்குள் இருக்க வேண்டிய உடம்பு பத்து கிலோ ஆனால், ஏற்கெனவே திணறும் மூச்சுக்கு இன்னும் பாரம். தோட்ட வீட்டுக்காரர்களுக்கு ஒன்று: காப்பி அறுவடை அப்போது பெரும்பாலும் முடிந்திருக்கும் என்றாலும் களத்திலும் செடியடியிலும் கொட்டை உதிர்ந்து கிடக்கும். நாய் அதைத் தின்றால் கஃபீன் நெஞ்சைப் படபடக்க வைத்து வலிப்புவரை கொண்டுபோகும். இருட்டியபின் வெளியே விடாதீர்கள், திண்ணையிலும் கட்டாதீர்கள். மலையில் சிறுத்தை நடமாட்டம் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஏற்காடே ஆனாலும் உச்சி வெயிலில் நடை வேண்டாம்.

இன்னொரு விஷயத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன். மலைப் பாதையில் நாயை இறக்கிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். ‘மேலே குளுகுளுவென்று இருக்கும், பிழைத்துக்கொள்ளும்’ என்று அவர்களில் ஒருவர் என்னிடமே சொன்னார். மடியில் வளர்ந்த நாய்க்கு வேட்டையும் தெரியாது, ஓடவும் மூச்சு கிடையாது. அப்படி விடுவது 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. இப்படி ஒரு நாய் உங்கள் கண்ணில் பட்டால் முதலில் நிழலும் தண்ணீரும் கொடுத்துவிட்டு எங்களுக்குச் சொல்லி அனுப்புங்கள்.

இத்தனை பக்குகள் எங்கிருந்து வருகின்றன என்று சிலர் கேட்கிறார்கள். 2003-இல் ஹட்ச் செல்போன் விளம்பரத்தில் ஒரு பையன் பின்னாலேயே ஒரு பக் ஓடிவந்தது. அதிலிருந்து ஊரெல்லாம் ‘ஹட்ச் நாய்’ வேண்டும் என்றார்கள், கம்பெனி பெயர் மாறியதும் ‘வோடஃபோன் நாய்’ என்றார்கள். கேட்பவர்கள் இருந்ததால் குட்டி போட வைத்து விற்பவர்கள் பெருகினார்கள். ராசாத்தியும் அப்படி ஒருவரிடமிருந்துதான் வந்தாள். வயிற்றில் ஒன்றன்மேல் ஒன்றாக ஆபரேஷன் தழும்பு, தரையில் இழுபடும் அளவுக்குத் தொங்கிய முலைகள், புல்லை மிதிக்கப் பயம். பக் குட்டியின் தலை பெரிது, தாயின் இடுப்பு சிறிது, அதனால் பலதுக்கு வயிற்றைக் கிழித்துத்தான் குட்டியை எடுக்க வேண்டியிருக்கிறது. பெட்டையை 18 மாதம் ஆகும்முன் சேர்க்கக் கூடாது, வருஷத்துக்கு ஒரு ஈற்றுக்குமேல் கூடாது, பதிவு செய்தவர்தான் குட்டி விற்கலாம் என்று 2017-இலேயே விதி வந்துவிட்டது. 2024-இல் தமிழக அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கையில், நம் வெயிலுக்கு ஒத்துவராத இனங்களின் பட்டியலில் பக்கும் இருந்தது. இதையெல்லாம் அதிகாரிகளிடம் கேட்பது வேறு மடல், அதையும் எழுதுவேன். உங்களிடம் கேட்பது ஏற்கெனவே பிறந்துவிட்ட இந்த ஏழுக்காக.

எங்கள் பொறுப்பு இது. ஏழுக்கும் தடுப்பூசி போட்டு, பூச்சி மருந்து கொடுத்து, உண்ணி இல்லை என்று பார்த்து, கருத்தடை செய்தாகிவிட்டது. சாப்பாடு, மருந்து, டாக்டர் செலவு எல்லாம் எங்களுடையது. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை நாங்களே மேலே வந்து பார்ப்போம், ஒத்துவரவில்லை என்றால் ஒரு போன் போதும், அன்றைக்கே கூட்டிப்போவோம், ஏன் என்று கேட்க மாட்டோம். வீட்டில் வேட்டை நாய் இருந்தால் வேண்டாம். விருந்தினர்களோடு போட்டோ எடுக்க வைக்க நாய் தேடும் தங்கும் விடுதிக்காரர்களுக்கும் தர இயலாது, மன்னிக்கவும். பகலில் யாராவது ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும். வயதானவர்கள் தனியாக இருக்கும் வீடு என்றால் ரொம்பச் சந்தோஷம். பக்குக்கு ஓட்டம் சாட்டம் தேவையில்லை, ஆள் பக்கத்தில் இருந்தால் போதும், எந்த அறைக்குப் போனாலும் பின்னாலேயே வந்து காலடியில் உட்காரும்.

வரும் பிப்ரவரியில் எல்லா ஞாயிற்றுக்கிழமையும் காலை எட்டு மணியிலிருந்து பதினொன்று வரை ஏரிக்கருகே அண்ணா பூங்கா வாசலில் இருப்போம். ராசாத்தியையும் முத்துவையும் கூட்டிவருகிறோம். எடுத்துக்கொள்வதாக முடிவு செய்யாமலே வந்து பார்க்கலாம், கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்துவிட்டுப் போகலாம். முத்துவைக் கூப்பிடுவதானால் மட்டும் அவனுக்கு வலது பக்கமாக வந்து, முதலில் குரல் கொடுத்துவிட்டுக் கையை நீட்டுங்கள். இடது பக்கம் அவனுக்குத் தெரியாது.

அன்புடன்,
சூரமங்கலத்திலிருந்து ஒரு பக் வளர்ப்புக்காரி