2024–25 ஆண்டறிக்கை: மனை நம்முடையது, ரோடு யாருடையது?

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, நகர்வாசிகளே, அனைவருக்கும் வணக்கம்.

பொங்கல் விளையாட்டுப் போட்டி, குடியரசு தினக் கொடியேற்றம், மழைக்கு முன் வாய்க்கால் தூர்வாரியது எல்லாம் வழக்கம்போல நடந்தன. தெருவிளக்குகள் பெரும்பாலும் எரிகின்றன. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். இந்த ஆண்டு சங்கத்தின் நேரத்தையும் பொறுமையையும் பெருமளவு எடுத்துக்கொண்டது மனைப்பிரிவு வரன்முறை விவகாரம்தான், அதாவது அனுமதி இல்லாமல் பிரித்த மனைகளை அரசிடம் முறைப்படுத்திக்கொள்வது. அதனால் இந்த அறிக்கையும் பெரும்பாலும் அதைப் பற்றியே இருக்கும்.

புதிதாகக் குடிவந்தவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை. நம் நகர் நாலு ஏக்கர் புஞ்சையில் 68 மனைகளாகப் பிரிக்கப்பட்டது. நம்மில் பலர் வீட்டு பீரோவில் மனைப்பிரிவுப் படத்தின் அந்த நீல நிற அமோனியா பிரிண்ட் இன்னும் இருக்கும். மடிப்பு மடிப்பாகக் கிழிந்து, ஓரத்தில் ஊராட்சி மன்றத் தலைவரின் உருண்டை சீலோடு இருக்கும். "பஞ்சாயத்து அப்ரூவல்" என்று சொல்லி விற்றார்கள், நாமும் நம்பி வாங்கினோம். நகர் ஊரமைப்புத் துறையின் இசைவு இல்லாமல் ஊராட்சி மட்டும் போட்ட சீலுக்கு மனைப்பிரிவு அனுமதி என்ற மதிப்பு கிடையாது. தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் இதே கதைதான் என்பது ஒரு ஆறுதல், அவ்வளவே.

2016 செப்டம்பரில் அனுமதியற்ற மனைகளைப் பதிவு செய்யச் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டபோதுதான் எல்லோரும் விழித்துக்கொண்டோம். அதே ஆண்டு அக்டோபர் 20-ல் அனுமதியற்ற மனைகளின் பதிவைத் தடுக்கும், பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு நடைமுறைக்கு வந்தது. அதற்கடுத்து 2017 மே மாதம் அரசு வரன்முறை விதிகளைக் கொண்டுவந்தது. 2016 அக்டோபர் 20-க்குள் பத்திரம் பதிவான மனைகளுக்கு வழி பிறந்தது அப்படித்தான். நீர்நிலை, வாய்க்கால், புறம்போக்கு, உயரழுத்த மின்கம்பிக்குக் கீழே உள்ள இடம் ஆகியவற்றுக்கு மட்டும் வழி இல்லை. காலக்கெடுவும் ஒருமுறை அல்ல, பலமுறை நீட்டிக்கப்பட்டது. நாமும் ஒவ்வொரு முறையும் "அடுத்த நீட்டிப்பில் பார்த்துக்கொள்ளலாம்" என்று இருந்தோம். உறுப்பினர்களைக் குறை சொல்லவில்லை, செயற்குழுவும் அப்படித்தான் இருந்தது.

நம் ஆட்கள் ஏன் அவசரப்படவில்லை என்பதற்கு ஒரு காரணம் உண்டு. ஏற்கெனவே வீட்டு மனையாகப் பதிவான இடத்தை மறுபடி விற்க, வாங்கப் பதிவுத் துறையில் இப்போது தடை இல்லை. "பத்திரம்தான் ஆகிறதே, எதற்கு வளர்ச்சிக் கட்டணமும் வரன்முறைக் கட்டணமும் கட்ட வேண்டும்?" என்று கேட்டவர்கள் பலர். பத்திரம் ஆகும். கட்டட அனுமதி ஆகாது. வங்கியில் வீட்டுக் கடன் கேட்டால் முதல் கேள்வியே மனை அப்ரூவல் எங்கே என்பதுதான். 2024 ஜூலையில் அரசு சுயசான்று முறையைத் தொடங்கியது. 2,500 சதுர அடி வரையான மனையில் 3,500 சதுர அடிக்குள் தரைத்தளமும் முதல் தளமும் கட்ட ஆன்லைனில் உடனடி அனுமதி என்றதும், நம் நகரில் காலி மனை வைத்திருப்பவர்கள் பலர் கைபேசியோடு சங்க அலுவலகத்துக்கு வந்துவிட்டார்கள். மனையே அனுமதி பெறாதபோது அங்கே எதைப் போட்டு விண்ணப்பிப்பது?

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். தனி மனைக்கு வரன்முறை உத்தரவு வாங்கியவர்கள் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். அவர்கள் மனைக்கு முடிந்தது, சரி. ரோட்டுக்கு? பூங்கா இடத்துக்கு? நாம் ஒவ்வொருவரும் காசு கொடுத்து வாங்கியது நம் சதுர அடியை மட்டும். நடுவில் ஓடும் 80 சென்ட் ரோட்டையும், மூலையில் "பூங்கா" என்று எழுதிய 12 சென்ட்டையும் யாரும் வாங்கவில்லை, யாரும் ஊராட்சிக்கு எழுதியும் கொடுக்கவில்லை. இந்த ஆண்டு நிலம் யார் பெயரில் என்று காட்டும் சிட்டாவை எடுத்துப் பார்த்தபோது இரண்டும் மனை போட்டு விற்றவரின் பெயரிலேயே இருக்கின்றன. அவர் காலமாகிவிட்டார். வாரிசுகள் மூன்று பேர், மூன்று ஊர்.

தார் ரோடு கேட்டு ஊராட்சியில் மனு கொடுக்கும்போதெல்லாம் "ரோடு எங்க பேர்ல இல்லையே சார்" என்ற பதில் வருவதன் காரணம் இதுதான். அந்த எழுத்தர் மீது கோபப்பட்டுப் பயனில்லை. அவர் சொல்வது சரியே. தனியார் பட்டா நிலத்தில் பொதுப் பணத்தைப் போட்டால் தணிக்கையில் அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

இன்றைய விதியில் இதே நாலு ஏக்கரைப் பிரித்தால் என்ன ஆகும் என்று பொறியாளரான நம் துணைத் தலைவர் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். 2019-ல் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேல், அதாவது சுமார் இரண்டரை ஏக்கருக்கு மேல் போனால், ரோடு நீங்கலான பரப்பில் பத்து சதவீதத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தே ஆக வேண்டும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை என்றால் இடத்துக்குப் பதில் பணமாகக் கட்டலாம், அதற்கு மேல் அந்தச் சலுகை இல்லை. நம் நகருக்கு 32 சென்ட் வரும். நம் படத்தில் இருப்பதோ 12. இது போக மின்வாரியத்துக்கும் உள்ளாட்சிக்கும் ஆளுக்கு அரை சதவீத இடம். விற்பனைக்கு முன் ரெரா என்னும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு வேறு. அப்ரூவல் மனை விலை ஏன் அவ்வளவு என்று அங்கலாய்க்கிறோமே, அந்த ரோடும் பூங்காவும் விலைக்குள் அடங்கியிருக்கின்றன. நாம் மலிவாக வாங்கினோம். அந்தப் பாக்கியைத்தான் இப்போது கட்டிக்கொண்டிருக்கிறோம் என்பது என் கருத்து. செயற்குழுவில் எல்லோரும் இதை ஏற்கவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

ரோட்டை அளந்த விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். தனியார் சர்வேயரை வைத்து மார்ச் மாதம் அளந்தோம். படத்தில் எல்லாத் தெருவும் 20 அடி. தரையில் இரண்டாம் தெரு நடுவில் 16 அடி சொச்சம். மீதி எங்கே என்று தேட வேண்டியதில்லை. கார் ஏற்றும் சாய்தளம், இரண்டு படிக்கட்டு, ஒரு செம்பருத்தி வேலி, துளசி மாடம் ஒன்று. மூலைக் கல் இருந்த இடத்தில் யாரோ செப்டிக் டேங்க் மூடியைப் போட்டிருக்கிறார்கள். கல்லைக் காணோம். பெயர் சொல்லவில்லை, சம்பந்தப்பட்டவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறீர்கள். ரோட்டை வாரிசுகள் ஊராட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்கும்போது படத்தில் உள்ள அகலம் தரையிலும் இருக்க வேண்டும். சாய்தளங்களை வாசல் கோட்டுக்குள் இழுத்துக்கொள்ளும்படி சங்கம் கடிதம் கொடுத்தது. சிலர் இடித்துவிட்டார்கள், நன்றி. துளசி மாடத்துக்கு மட்டும் தை வரை அவகாசம் கேட்டிருக்கிறார்கள், செயற்குழு சம்மதித்தது.

பூங்கா இடத்தில் ஆவணி மாதம் திடீரென்று கல்லுக்கால் நட்டு முள்கம்பி கட்டினார்கள். விசாரித்ததில் வாரிசுகளில் ஒருவர் வெளியாருக்குக் கிரய ஒப்பந்தம் போட்டிருப்பது தெரிந்தது. சார்பதிவாளர் அலுவலகத்தில் ஆட்சேப மனுவும் மனைப்பிரிவுப் படத்தின் நகலும் கொடுத்தோம். மகளிர் அணியினர் அன்றே போய் அந்த இடத்தில் உட்கார்ந்ததால்தான் வேலை நின்றது என்பதை நன்றியோடு குறிப்பிடுகிறேன். அப்புறம் வாரிசுகளில் மூத்தவரான அம்மாவைத் தலைவர் ஐயா நேரில் போய்ப் பார்த்தார். "எங்க வீட்டுக்காரரு பார்க்குன்னு சொல்லித்தானே வித்தாரு, நான் கையெழுத்துப் போடுறேன் தம்பி" என்று அவர் சொல்லியிருக்கிறார். மற்ற இருவரில் ஒருவர் சம்மதம், இன்னொருவர் பணம் எதிர்பார்க்கிறார். பேச்சு நடக்கிறது.

மூவரும் தானப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாலும் அதை வாங்கிக்கொள்ள ஊராட்சித் தீர்மானம் வேண்டும். 2025 ஜனவரி 5-ம் தேதியோடு நம் மாவட்டம் உள்ளிட்ட 28 மாவட்டங்களில் ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் முடிந்து, இப்போது தனி அலுவலர் பொறுப்பில் இருக்கிறார். அவருக்கு ஊராட்சிகள் பல. நம் கோப்பு அவர் மேசையில் இருக்கிறது.

வாரிசுச் சொத்தாக மனையைப் பிரித்துக்கொள்ள நினைக்கும் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. அண்ணன் தம்பி ஆளுக்குப் பாதி என்று நடுவில் சுவர் எழுப்பிவிட்டால் அது பாகமாகலாம், மனையாகாது. புது ரோடு போடாமல் எட்டு மனை வரை பிரிப்பதும் உட்பிரிவு அனுமதிக்கு உட்பட்டதே. பின்பக்கப் பாகத்துக்குப் போக வழி எவ்வளவு விடுவது என்பதைக் கட்டுவதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

தானப் பத்திரச் செலவுக்காக மனை ஒன்றுக்கு ஒரே சீரான தொகை வசூலிக்கும் தீர்மானம் இன்று முன்வைக்கப்படுகிறது. வீடு கட்டியவர், காலி மனைக்காரர் என்ற வித்தியாசம் இல்லை. வெளியூரில் இருக்கும் காலி மனைக்காரர்களின் முகவரியும் கைபேசி எண்ணும் தெரிந்தவர்கள் துணைச் செயலாளரிடம் கொடுங்கள். மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா நகல் இதுவரை தராதவர்கள் ஞாயிறு மாலை அலுவலகத்தில் தந்து ரசீது பெற்றுக்கொள்ளவும். அசல் எதையும் கொண்டுவர வேண்டாம், நகல் போதும்.

இப்படிக்கு,
செயலாளர்