வண்டியின் அடியில் எந்தப் பூச்சு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தர்மபுரி, கிருஷ்ணகிரி சாலையோரங்களில் ‘அண்டர்கோட்டிங் செய்து தரப்படும்’ என்ற போர்டுகள் பெருகிவிட்டன. துருப் பிடிக்காமலிருக்க வண்டியின் அடியில் அடிக்கும் பூச்சுதான் அது. என்ன பூச்சு என்று கேட்டால் ‘கறுப்பு கோட்டிங்’ என்பார்கள். கறுப்பில் பல ஜாதி உண்டு. ஒன்றின் வேலையை மற்றது செய்யாது.

இங்கே கடற்காற்று இல்லை, துரு எங்கிருந்து வரும் என்பது பாதிதான் சரி. பொட்டாஷ் மூட்டை, ஐஸ் போட்ட மீன் பெட்டி, ஆடு மாடு ஏற்றும் வண்டிகளில் உப்பை நாமே ஊற்றுகிறோம். பொட்டாஷ் உரமே குளோரைடு உப்புதான். பலகை இடுக்கில் சிந்திய தூள், ராத்திரிப் பனியிலேயே கசிந்து சேஸிஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், இறங்கும். கார்களுக்கு எதிரி, மட்கார்டின் உள்மடிப்பில் அப்பிய செம்மண். மழை விட்டு நாள் கணக்கில் ஆனாலும் அது ஈரத்தை விடாது.

தார் கலந்த ரப்பர் பூச்சு கல்லடியைத் தாங்கும். குவாரிப் பாதையில் ஓடும் வண்டியின் வீல் ஆர்ச்சுக்கு (சக்கரத்துக்கு மேலுள்ள வளைவுத் தகடு) அதுவே சரி. ஆனால் பெயிண்ட் கெடாத தகட்டில்தான் அடிக்க வேண்டும். துருவின் மேல் அடித்தால் வெயிலில் இறுகி வெடிக்கும். வெடிப்பில் புகுந்த தண்ணீர் வெளியே வர வழியிருக்காது. சந்தேகம் இருந்தால் ஸ்க்ரூ டிரைவர் பிடியால் தட்டிப் பாருங்கள். உப்பிய இடம் மொத்தையாகச் சத்தம் கொடுக்கும். நுனியால் நெம்பினால் பூச்சு அப்பளம் போலக் கழன்று வரும், முதுகில் ஈரத் துருவோடு.

மெழுகுப் பூச்சு அப்படி இறுகாது. இடுக்குக்குள் ஊறும், கீறினாலும் ஓரளவு தானே மூடிக்கொள்ளும். துரு தொட்டுவிட்ட பழைய காருக்கும், சில் பாக்ஸ் (கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிச் சட்டம்), கதவின் அடி போன்ற உட்கூடுகளுக்கும் எங்கள் தேர்வு இதுதான். தூசி ஒட்டும், வாட்டர் சர்வீஸில் பிரஷர் அடித்தால் போய்விடும், வருடம் ஒருமுறை பார்த்து மறுபடி அடிக்க வேண்டும். அந்தத் தொல்லைக்கு ஈடான பலன் உண்டு. லாரி, டிப்பர் சேஸிஸுக்கு இரண்டு டப்பா கலக்கும் எபாக்ஸி பிரைமரும் (பெயிண்டுக்கு முந்தைய அடிப்பூச்சு) அதன்மேல் பெயிண்டும். வேஸ்ட் ஆயிலை மட்டும் அடிக்காதீர்கள். இணைப்புகளில் உள்ள ரப்பர் புஷ் ஊதிக் கெடும், பிரேக்கில் பட்டால் ஆபத்து.

பூச்சைவிட அதற்கு முந்தைய வேலைதான் பெரிது. வாட்டர் சர்வீஸ் முடிந்த கையோடு அடிப்பதுதான் பெரும்பாலான கோட்டிங் உரிவதற்குக் காரணம். ஒரு முழு நாள் வெயிலில் நிற்கட்டும். மடிப்புகளில் காற்று அடித்து ஈரத்தை வெளியேற்ற வேண்டும். செதில் துருவைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டி எடுத்த பிறகே, மிச்சத் துருவை மாற்றிக் கெட்டியாக்கும் துருமாற்றி திரவம். தடித்த செதிலுக்குள் அது இறங்காது. அதில் பாஸ்பாரிக் அமிலம் இருந்தால், மிச்ச அமிலத்தின் மேல் எபாக்ஸி சரியாகக் காயாது. டப்பாவில் சொன்னபடி கழுவிக் காயவிட்டுத்தான் பிரைமர். வெல்டிங் வேலை இருந்தால் முதலிலேயே முடித்துவிடுங்கள். மெழுகும் தாரும் பற்றி எரியும்.

சைலன்சர், பிரேக் டிரம், டிஸ்க், ஹோஸ், புரொப்பெல்லர் ஷாஃப்ட், ஒயரிங் பிளக் எல்லாவற்றையும் பேப்பர் ஒட்டி மறைக்கச் சொல்லுங்கள். அதிகம் மறந்துபோவது தண்ணீர் வடியும் துளைகள். வேலை முடிந்ததும் கதவின் அடித் துளையில் ஒரு கம்பியை விட்டுப் பாருங்கள். அது அடைபட்டால் கதவுக்குள்ளேயே தண்ணீர் தேங்கி, கோட்டிங் அடிக்காத வண்டியைவிடச் சீக்கிரம் ஓட்டை விழும்.

சரக்கு வண்டிகளுக்கு 8 வயது வரை 2 ஆண்டுக்கு ஒருமுறை, பிறகு ஆண்டுதோறும் எஃப்.சி. என்னும் தகுதிச் சான்று எடுக்க வேண்டும். அதற்கு முந்தின நாள் துருவின் மேலேயே கறுப்பு பெயிண்ட் அடிக்கும் வழக்கம் ஊரறிந்தது. வெல்டிங் விட்டுப்போன கிராஸ் மெம்பரைக்கூட (சேஸிஸின் குறுக்குச் சட்டம்) அது மறைத்துவிடும்.

கோட்டிங் கடைக்காரர்கள் பில்லில் பூச்சின் வகையையும் அளவையும் எழுதித் தர வேண்டும். சிறிய காரின் அடிக்கு ஏறக்குறைய 3 லிட்டர் பிடிக்கும். ஒரு லிட்டரில் முடித்துக் கொடுத்தால் எங்கெங்கே அடிக்கவில்லை என்று வண்டியை ஹாய்ஸ்ட்டில் ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வாகனப் பட்டறைத் தொழிலாளர்கள் சிலர்,
பாலக்கோடு.