விவாக அறிவிப்புக்கு முன் கேட்க வேண்டிய கேள்வி: எல்லையோரச் சபைக் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

கேரள-தமிழ்நாடு எல்லையோரப் பாறசாலை வட்டாரத்திலுள்ள நம் தமிழ்ச் சபையின் ஆயர் ஐயா அவர்களுக்கும், கமிட்டி உறுப்பினர்களான பெரியோருக்கும், கர்த்தருக்குள் ஸ்தோத்திரம்.

கமிட்டியின் புதிய தீர்மானங்கள் ஆராதனை முடிவில் வாசிக்கப்பட்டதைக் கேட்டேன். திருமண வரவேற்பில் சினிமாப் பாட்டுக்கு ஆடக் கூடாது, மணமகளின் உடை ஆலயத்துக்கு ஏற்றதாயிருக்க வேண்டும், ஞாயிறு காலையில் டியூஷனுக்குப் போகும் பிள்ளைகளின் பெற்றோரைக் கண்டு பேச வேண்டும் என்பவை அவை. இந்தப் பிரபஞ்சத்துக்கு ஒத்த வேஷம் தரிக்கலாகாது என்ற வசனத்தையும் ஆயர் ஐயா எடுத்துச் சொன்னார்கள். இவற்றில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் உலகம் நம்மை உண்மையிலேயே எங்கே பிடித்து வைத்திருக்கிறதோ, அதைப் பற்றி ஒரு வரியும் அதில் இல்லை. சீதனத்தைச் சொல்கிறேன்.

நம் வீடுகளில் கல்யாணம் பேசி முடிக்கும் நாளை நினைத்துப் பாருங்கள். முன்னறையில் வேதம் வாசித்து ஜெபம் நடக்கும். ஆமென் சொல்லி, டீயும் பலகாரமும் வருவதற்குள் இரு வீட்டுப் பெரியவர்களில் நாலைந்து பேர் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்துவார்கள். பவுன் எத்தனை, ரொக்கம் எவ்வளவு, கார் உண்டா, மார்த்தாண்டம் பக்கத்து விளையை (தோட்டத்தை) எழுதிக் கொடுப்பார்களா என்பதெல்லாம் ஒரு துண்டுக் காகிதத்தில் பென்சிலால் குறிக்கப்படும். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாதவர் முன்னறையில் ஒருவரும் இல்லை. பிறகு ஞாயிறுதோறும் அறிவிப்பை வாசித்து, இவ்விவாகத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர் தெரிவிக்கலாம் என்று சபையைக் கேட்கிறோம். பெண்ணின் தகப்பன் ரப்பர் விளையை விற்றதும், கூட்டுறவு வங்கியிலிருந்து மீட்ட நகையை மறுபடியும் அடகு வைத்ததும் யாருக்கும் தடையாகத் தோன்றுவதில்லை. எல்லைச் சோதனைச் சாவடியுள்ள களியக்காவிளையில் ரேஷன் அரிசி கடத்துகிறார்களா என்று வண்டியை நிறுத்தி மூட்டை மூட்டையாகப் பார்க்கிறார்கள். ஒரு குடும்பத்தின் ஆயுட்காலச் சம்பாத்தியம் அதே சாலையில் கல்யாணக் காரில் எல்லை கடந்து போவதைக் கேட்பாரில்லை.

சீதனம் வேண்டாம் என்று ஒரு பையன் சொன்னால், அவனுக்கு ஏதாவது நோய் இருக்குமோ என்று சபைக்குள்ளேயே விசாரிக்கிறார்கள். அண்டை வீட்டாரிலிருந்து நாம் வேறுபட்டவர்கள் என்பதற்கு இந்த ஒரு விஷயத்தில் அடையாளமே இல்லை.

தென் திருவிதாங்கூரில் வேறுபட்டு வாழ்ந்ததற்கு நம் முன்னோர் விலை கொடுத்தவர்கள். சாதி வழக்கப்படி மறுக்கப்பட்ட மேலாடையை அணிந்து வெளியே வந்த பெண்கள் தெருவில் அடிபட்டார்கள், ஆடை கிழிக்கப்பட்டது. 1859-இல் மேலாடைக்கு அனுமதி தந்து மன்னரின் பிரகடனம் வரும்வரை அந்தப் போராட்டம் பல பத்தாண்டுகள் நீடித்தது. அந்தப் பெண்களின் வம்சத்தில் வந்த பிள்ளைகளுக்குத்தான் இன்று நாம் பவுன் கணக்கில் பேரம் பேசுகிறோம்.

'நாங்கள் எதுவும் கேட்கவில்லை, மகளுக்குச் சேர வேண்டிய பங்கைத்தானே கொடுக்கிறார்கள்' என்று சொல்வோர் உண்டு. 1916-ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம், தகப்பன் உயில் எழுதாமல் இறந்தால், மகனுடைய பங்கில் நாலில் ஒன்று அல்லது 5,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அதையே மகளுக்குக் கொடுத்தது. சீதனம் பெற்றவளுக்கு அதுவும் கிடையாது. ஆனால் அதே சட்டம், நெய்யாற்றின்கரை உள்ளிட்ட சில தாலுகாக்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமபங்கு கொடுத்துவந்த புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவர்களுக்கு விலக்களித்திருந்தது. நம் தாலுகாவிலேயே அப்படியொரு நல்ல வழக்கம் இருந்ததை நம்மில் எத்தனை பேர் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோம்? 1916-ஆம் ஆண்டுச் சட்டம் இனிச் செல்லாது, மகளுக்கும் சமபங்கு உண்டு என்று 1986-இல் மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பின் மகளின் உரிமையில் ஐயத்துக்கே இடமில்லை. பங்குதான் என்றால் அவள் பெயரில் பத்திரம் பதிவாகட்டும். மாமனார் கைக்குப் போகும் ரொக்கத்தைப் பங்கு என்று சொல்வது பொய்.

1961-ஆம் ஆண்டுச் சட்டப்படி வரதட்சணை வாங்குவதும் கொடுப்பதும் குற்றம். கேரள அரசு தன் ஊழியர் திருமணம் செய்தபின் வரதட்சணை வாங்கவில்லை என்று எழுத்தில் உறுதிமொழி கேட்கிறது. அரசு தன் குமாஸ்தாவிடம் கேட்பதைச் சபை தன் கமிட்டி அங்கத்தினரிடம்கூடக் கேட்பதில்லை.

ஆகவே என் வேண்டுகோள் இது: விவாக அறிவிப்பு வாசிப்பதற்கு முன், சீதனம் கேட்கவோ வாங்கவோ இல்லை என்று மணமகனும் அவருடைய பெற்றோரும் கையெழுத்திட்ட உறுதிமொழியை ஆயர் பெற்றுக்கொள்ள வேண்டும். பொய்க் கையெழுத்துப் போடுவார்கள் என்று சிலர் சொல்லக்கூடும். போடலாம், ஆனாலும் ஆலயப் பதிவேட்டில் பொய் எழுத ஒரு தகப்பனுக்குக் கை கொஞ்சமாவது நடுங்கும். இவ்விதியை முதலில் கமிட்டி உறுப்பினர்களின் வீட்டுக் கல்யாணங்களுக்கு நடைமுறைப்படுத்துங்கள். இதற்கு உடன்படாதவர்கள் யார், ஏன் என்பதையும் நடவடிக்கைக் குறிப்பில் பெயரோடு பதிவு செய்யுங்கள்.

இப்படிக்கு,
நம் சபையின் உறுப்பினர் ஒருவர்