இரவு மின்தடையும் அம்மாவின் இன்சுலினும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கத்திரி வெயிலில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டுவது புதிதல்ல. ஆனால் ராத்திரி போகும் கரண்ட் விடியும்வரை வராவிட்டால் என்ன செய்வது? மோட்டார் ஓடாததால் மேல்தொட்டி காலி. இன்வெர்ட்டர் நள்ளிரவிலேயே கீச்சிட்டு ஓய்ந்துவிடுகிறது. மொட்டை மாடித் தளமோ அந்நேரத்திலும் சுடுகிறது. ஃப்ரிட்ஜ் நின்றதும் அம்மாவின் இன்சுலினைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றி, ஈர மணலில் பதித்த மண் கலயத்துக்குள் வைத்தோம். வெயில் காலத்தில் வெளியே வைத்தால் மருந்து வீரியம் இழந்துவிடும்.

பகலோடு இரவிலும் ஏசிகள் ஓடுவதால் டிரான்ஸ்ஃபார்மர் சூடு ஆற நேரமில்லை என்பது புரிகிறது. அப்படியானால் கூடுதல் திறனுள்ளதைப் பங்குனிக்குள் பொருத்தியிருக்க வேண்டாமா? சித்திரை வருவது யாருக்கும் ரகசியமா என்ன! பழுது எப்போது சரியாகும் என்று ஒரு குறுஞ்செய்தியாவது அனுப்பலாம்.

- ஒரு வாசகர், வேலூர்