பாமாலைக்கு மேலே எழுதியவர் பெயர் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

19-ஆம் நூற்றாண்டுப் பெண் கவிஞர்கள் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை நன்று. மதுரை வட்டாரத் திருச்சபைகளில் மேலைநாட்டு மெட்டில் பாடும் பாமாலைகளில் பல, பெண்கள் ஆங்கிலத்தில் எழுதித் தமிழாக்கப்பட்டவை என்பது மட்டும் அதில் விடுபட்டுவிட்டது.

‘நான் பாவிதான்’ சார்லட் எலியட் எழுதியது. ‘உம்மண்டை கர்த்தரே’ சாரா ஃபிளவர் ஆடம்ஸுடையது (1841). அதற்கு முதலில் இசையமைத்தவர் அவருடைய அக்கா எலிசா. இன்று பலரும் பாடுவது லோவெல் மேசனின் மெட்டு. ‘இயேசுவின் கைகள் காக்க’ பாட்டை, கையில் கிடைத்த மெட்டுக்கு 1868-இல் எழுதியவர் பார்வையற்ற ஃபேனி கிராஸ்பி. நூற்றுக்கும் மேற்பட்ட புனைபெயர்களில் எழுதியவர் அவர். பெயர் மறைந்துபோக வேறென்ன வேண்டும்?

தமிழாக்கியவர்களின் உழைப்பையும் பாருங்கள். அடிக்கு இத்தனை எழுத்து என்று வரையறுத்த பாவகையான கட்டளைக் கலித்துறைக்கு எண்ணுவதுபோல, ஒற்றெழுத்துகளை (புள்ளி எழுத்துகளை) நீக்கி எண்ணினால், ‘நான் பாவிதான் ஆனாலும் நீர்’ 8 எழுத்து. அடுத்த இரண்டடியும் எட்டெட்டு. ‘என் மீட்பரே வந்தேன்’ 6. ஆங்கில மூலத்தின் அளவும் அதுவே: 8.8.8.6. மெட்டின் அழுத்தம் 2, 4, 6, 8-ஆம் எழுத்துகளில் விழும். முதலடியில் அவை பா, தான், னா, நீர். நான்கும் நெடில், எவ்வளவு பொருத்தம்!

பாடும்போது இடறும் இடங்களும் உண்டு. இப்பாட்டின் இரண்டாமடியில் ‘இரத்தம்’ என்று அச்சிட்டிருந்தால் ஓரெழுத்து கூடி, பாடகர் குழு பிந்திவிடும். அங்கே ‘ரத்தம்’ என்றே பாட வேண்டும். ‘இயேசுவின் கைகள் காக்க’ என்பதிலும் இகரத்தை விழுங்கினால்தான் மெட்டுக்கு வேண்டிய 7 வரும். ‘நான் பாவிதான்’ பாட்டின் மூன்றாமடியான ‘வா என்று என்னை அழைத்தீர்’ என்பதில் ஆறாம் எழுத்து ‘அ’ குறில். அழுத்தம் அதில் விழுவதால் பலர் ‘ஆழைத்தீர்’ என்று இழுக்கிறார்கள். அகரத்தைச் சட்டென விட்டு, மீதிக் காலத்தை ‘ழைத்’ மேல் ஏற்றினால் சொல் கெடாது.

நம் இசையில் அமைந்த கிறிஸ்தவக் கீர்த்தனைகளை 1853-இல் தொகுத்த எட்வர்ட் வெப்பும் நம் ஊரின் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தவர்தான். அந்தக் கீர்த்தனைக்கு மேலே ராகமும் தாளமும் போடுகிறோம். பாமாலைக்கு மேலேயும் எழுதியவர் பெயர், ஆண்டு, அடியளவு எண்கள், மெட்டின் பெயர் ஆகியவற்றை அடுத்த பதிப்பிலாவது அச்சிட வேண்டும். ஒரே வரியில் அடங்கிவிடும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பசுமலை, மதுரை.