ஹெட்செட் வாங்குமுன்

அன்புள்ள மீனா,

கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்ததில் ரொம்ப சந்தோஷம், அவளுக்குத் தனியாக எழுதுகிறேன். இனி நீ கேட்ட விஷயம்.

உங்கள் துறைக்கு விஆர் டெஸ்ட் ஒன்று, அதாவது கண்ணை மூடி மாட்டும் ஹெட்செட்டில் கணினி காட்டும் உலகத்துக்குள் நோயாளியின் நினைவையும் சிந்தனையையும் சோதிக்கிற மென்பொருள், வாங்கப்போகிறீர்கள், டெமோவில் எல்லாரும் அசந்துபோனார்கள் என்று எழுதியிருந்தாய். டெமோவில் அசராதவர் யார்? அங்கே மாட்டிப் பார்ப்பவர்கள் டாக்டர்கள். பக்கவாதம் வந்த எழுபது வயதுக்காரருக்கு மாட்டும்போதுதான் கேள்வியே வரும்: இந்த ஸ்கோரில் மூளையின் பங்கு எவ்வளவு, கருவியின் பங்கு எவ்வளவு?

கண்ணிலிருந்து தொடங்கு. லென்ஸ்களின் இடைவெளி நோயாளியின் கண்மணிகளின் இடைவெளியோடு பொருந்த வேண்டும். குவெஸ்ட் 2 என்ற ஹெட்செட்டில் 58, 63, 68 மி.மீ. என்று மூன்றே நிலைகள். ஸ்கேலால் அளந்துவிட்டு மாட்டுங்கள். பொருந்தாவிட்டால் படம் மங்கும், தலை வலிக்கும். அதைக் கவனக்குறைவு என்று ரிப்போர்ட்டில் எழுதிவிடுவோம். பெரும்பாலான ஹெட்செட்டுகளில் பக்கவாட்டுப் பார்வை ஏறக்குறைய நூறு பாகைதான். வெறுங்கண்ணுக்கு அதைப்போல இரு மடங்கு கிட்டத்தட்ட. நெக்லெக்ட் உள்ளவர், அதாவது மூளை பாதிப்பால் ஒரு பக்கத்தைக் கவனிக்காமலே விடுபவர், இடப்பக்கப் பொருளைத் தவறவிட்டால் காரணம் என்ன? தலையைத் திருப்பவில்லையா, பார்வைப்புலத்தில் பாதி போய்விட்டதா, பொருளே திரைக்குள் வரவில்லையா? தலை திரும்பிய கோணத்தை மென்பொருள் தொடர்ந்து பதிவு செய்தால்தான் பிரித்துச் சொல்ல முடியும். மொத்த ஸ்கோரை மட்டும் நீட்டுகிற கருவி என்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்.

அடுத்தது கை. வலது கை செயலிழந்தவர் இடது கையால் கைக்கருவியின் ட்ரிகரை அழுத்தத் திணறும் நேரமும் ‘மெதுவான சிந்தனை’ என்றே கணக்காகும். ஆகவே டெஸ்டுக்கு முன் பயிற்சிப் பகுதி இருந்தால் போதாது, அதில் தேறாமல் மேலே போகவிடாத ஏற்பாடும் வேண்டும். கூடவே நினைவோ திட்டமிடலோ தேவைப்படாத ஒரு பணி, ஒளிரும் டம்ளரை எடுத்து மேசையில் வைப்பது போல. அதில் ஆகும் நேரம்தான் அவருடைய அடித்தளம். மற்றதை அதோடு ஒப்பிட்டுப் படிக்க வேண்டும்.

ஹெட்செட் மாட்டினால் சிலருக்குக் குமட்டும், தலை சுற்றும். அதை அளக்க 1993-இல் வந்த எஸ்எஸ்க்யூ என்ற கேள்விப் படிவமே போதும்: 16 அறிகுறிகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3. மாட்டுவதற்கு முன்பும் நிரப்பச் சொல். தலையில் அடிபட்டவர்கள் பலருக்குத் தலைசுற்றல் ஏற்கெனவே இருக்கும். முன்னளவு இல்லாமல் பின்னளவுக்கு அர்த்தம் கிடையாது. ஜாய்ஸ்டிக்கைத் தள்ளி வழுக்கிக்கொண்டே நகரும் முறை வயிற்றைப் புரட்டும். டெலிபோர்ட், அதாவது காட்டிய இடத்துக்குச் சட்டென்று போய்விடும் முறை, அந்த விஷயத்தில் தேவலை, ஆனால் இடம்விட்டு இடம் தாவும்போது திசையுணர்வு அறுந்துபோகிறது. வழி கண்டுபிடிக்கும் திறனைச் சோதிக்கிற டெஸ்டில் அதுவே குளறுபடி. ஒளி மின்னினால் வலிப்பு வரும் நோயாளிகளுக்கு மாட்டவே வேண்டாம்.

மென்பொருளின் தரத்தை எடைபோட விஆர்என்க்யூ என்று ஒரு வினாத்தாள் இருக்கிறது. நான்கு பிரிவு, இருபது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 7 வரை, மொத்தம் 140. பிரிவுக்கு 25, மொத்தத்தில் 100 தொட்டால்தான் தேர்ச்சி. விற்பனைப் பிரதிநிதியிடம் கொடுக்காதே, பயன்படுத்தியவர்களிடம் கொடு! அந்த வினாத்தாளைத் தயாரித்த குழுவே எடின்பரோவில் உருவாக்கிய விஆர்-ஈஏஎல் என்ற விஆர் டெஸ்டை ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள். அன்றாட வேலைகளைக் கதையாகக் கோத்து, ‘பிறகு செய்ய வேண்டியதை’ நினைவில் வைக்கிறாரா என்று ஒரு மணி நேரத்தில் பார்த்துவிடுகிறது.

கதை வடிவில் ஒரு சிக்கலும் உண்டு. ஒருமுறை செய்தவருக்கு எங்கே என்ன காத்திருக்கிறது என்பது தெரிந்துபோகும். மூன்று மாதம் கழித்து ஸ்கோர் ஏறினால் சிகிச்சை பலித்ததா, கதை பழகியதா? இணைப் படிவம், அதாவது அதே கடினத்தில் வேறு கதையோடு இன்னொரு வடிவம், இருக்கிறதா என்று கண்டிப்பாகக் கேள்.

நார்ம்ஸ் அட்டவணையில், அதாவது நோயாளியின் ஸ்கோரை ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாதவர்களின் ஸ்கோர்களைத் தரும் அட்டவணையில், இருப்பவர்கள் கல்லூரி மாணவர்கள் மட்டும் என்றால் உன் நோயாளிகளுக்கு அது உதவாது. வயதும் படிப்பும் பிரித்துக் கொடுத்திருக்க வேண்டும். குரல் அறிவுரைகள் ஆங்கிலத்தில் மட்டும் இருந்து நீ பக்கத்தில் நின்று தமிழில் சொன்னால், அச்சிட்ட நார்ம்ஸ் பொருந்தாது. வாங்கிவிட்டால் தானியங்கி அப்டேட்டை அணைத்து வை. பாதியில் பதிப்பு மாறினால் முன்னே எடுத்த அளவுகளையும் பின்னே எடுத்ததையும் ஒப்பிட முடியாது. லென்ஸை ஸ்பிரிட் போட்டுத் துடைக்க விடாதே, பூச்சு போய்விடும்; உலர்ந்த மைக்ரோஃபைபர் துணி போதும்.

தொழில்நுட்பக் கையேட்டை வாங்கி அனுப்பு. நம்பகத்தன்மை எண்களை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொல்கிறேன். பணம் கட்ட அவசரப்படாதே.

அன்புடன்,
கலா